மாமனார் வீட்டில் மூன்று வினாடி இருட்டு

குவேரு நகரில் சுவரில் டிவி மாட்டித் தருகிற ஆட்களுக்குப் பஞ்சமில்லை. மாட்டிய டிவி மறுநாளும் சுவரிலேயே இருக்கும்படி மாட்டுகிறவன் டகுமா ஒருவன்தான் என்று டகுமாவே சொல்லுவான். வயது முப்பத்தெட்டு. சொத்து: ஏணி ஒன்று, துளைபோடும் மெஷின் ஒன்று, மனைவி ஒருத்தி. இதில் முதல் இரண்டும் எங்கே இருக்கின்றன என்று அவனுக்கு எந்நேரமும் தெரியும்.

மூன்றாவதான செகெசாய் ஐந்து வாரமாக அதே ஊரின் ம்கோபா பகுதியில் அப்பா வீட்டில் இருந்தாள். அடியில்லை, குடியில்லை, இன்னொருத்தி இல்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால் பெரியவர்களுக்குப் பழகிய வழக்காக இருந்திருக்கும். பேக்கரியில் ரொட்டி கட்டுகிற வேலை போய்விட்டதென்று, போன அன்று மாலையே அவள் புருஷனிடம் சொன்னாள். வாடிக்கையாளர் ஒருவரின் டிவியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்த டகுமா, "ம்ம்" என்றான். பதினோரு நாள் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரர் "பாவம், உன் பெண்டாட்டிக்கு வேலை போச்சாமே" என்றபோது, "அப்படியா! எப்போ?" என்று கேட்டான். வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த செகெசாயின் காதில் அந்த 'எப்போ' விழுந்தது. ஈரத்துணியை அப்படியே பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அவளை அழைத்துவரச் சனிக்கிழமை பார்த்துப் போனான் டகுமா. சர்க்கரை, எண்ணெய், இரண்டு ரொட்டி. ரொட்டி வேறு பேக்கரி. அந்த அளவுக்கு அவனுக்கும் புத்தி இருந்தது.

மாமனார் வீட்டில் மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார மாட்டான். தரையில் அமர்ந்து, உள்ளங்கைகளைச் சேர்த்து மெல்லத் தட்டி வணங்கி, தலையைத் தாழ்த்திக்கொள்வான். மாமியாரை நேருக்கு நேர் பார்ப்பது ஒரு கிடாய் பெறுமான குற்றம். கோபித்துக்கொண்டு வந்த பெண்டாட்டியிடம், பெரியவர்கள் பேச்சை எடுக்கும்வரை, சாப்பிட்டாயா என்று கேட்பதுகூட அத்துமீறல். மற்றபடி விறகு பிளக்கலாம், ஆடு உரிக்கலாம், குழி வெட்டலாம். இந்த மூன்று துறையிலும் ஆறு வருடமாக டகுமாவுக்கு நல்ல பெயர்.

மாமனார் சினெம்பிரி ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர். பள்ளிகள் அவரிடமிருந்து தப்பித்துவிட்டதால், இப்போது வீட்டை ஆய்வு செய்துகொண்டிருந்தார்.

"வந்த விஷயம் இருக்கட்டும் மாப்ளே," என்றார். "மொதல்ல இந்த டிவிய என்னன்னு கேளு."

வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பிய டிவி, கதவளவு இருந்தது. கூடவே இணையத்திலிருந்து படம் இழுத்துத் தருகிற சின்னப் பெட்டி. படம் ஓடிக்கொண்டிருக்கும், விளம்பரம் வரும் நேரத்தில் திரை கறுத்துவிடும். மூன்று வினாடி. விளம்பரம் முடிந்து படம் திரும்பும்போது மறுபடி மூன்று வினாடி.

"வெளக்கு எரியுது. ஃப்ரிட்ஜ் ஓடுது. பக்கத்து வீட்டு ரேடியோ கத்துது. இது மட்டும் எதுக்குக் கண்ண மூடிக்குது?"

மின்சாரம் போய் இருட்டானால் இந்த ஊரில் யாரும் பேனாவைத் தொட மாட்டார்கள். மின்சாரம் இருக்கும்போதே இருட்டு என்றால் அது குடும்ப மானம். சினெம்பிரி ஒரு நோட்டே போட்டிருந்தார்: தேதி, மணி, எத்தனை வினாடி.

நோய் என்னவென்று டகுமாவுக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. விளம்பரம் ஒரு வேகத்தில் ஓடும், படம் வேறு வேகத்தில் ஓடும். வேகம் மாறும்போதெல்லாம் பெட்டி டிவியையும் மாறச் சொல்லும். சட்டை மாற்றுகிறவன் கதவைச் சாத்திக்கொள்வதுபோல டிவி கண்ணை மூடிக்கொள்ளும். படத்துக்குத் தக்கபடி வேகத்தை மாற்று என்று பெட்டியின் அமைப்பில் ஒரு வரி இருக்கும். அதை அணைத்தால் எல்லாம் ஒரே வேகத்தில் ஓடும், இருட்டு வராது. அரை நிமிட வேலை.

ரிமோட்டைக் கையில் எடுத்தான். அந்த நேரம் பார்த்துத் திரை கறுத்தது.

கறுத்த திரையில் கூடம் முழுக்கத் தெரிந்தது. சோபாவில் மாமனார். பக்கத்தில் அவருடைய அக்கா, பெரியத்தை; இந்த வீட்டு வழக்கையெல்லாம் தீர்த்துவைக்கிறவள், அப்போது பல் குத்திக்கொண்டிருந்தாள். அவர்களுக்குப் பின்னால், சமையலறை வாசலில் சாய்ந்தபடி செகெசாய். முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். பொரிச்சோளத்தை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டு அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வினாடி முடிந்தது. ஒரு சோப்பு விளம்பரம் வந்து அவளை மறைத்தது.

ஆறு வருடம் எதிரிலேயே இருந்தவள். முடி வெட்டினால் அவள் நெற்றி இவ்வளவு அகலம் என்று டகுமாவுக்கு அன்றுதான் தெரிந்தது. ரிமோட்டைக் கீழே வைத்தான்.

"கேபிள் சரியில்ல போல மாமா," என்றான். "அடுத்த சனிக்கிழமை நல்லதா ஒண்ணு கொண்டுவரேன்."

கேபிளில் ஒரு குற்றமும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை புதுக் கேபிளோடு வந்து, மாற்றி, இருட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு இருட்டிலும் ஒரு சேதி கிடைத்தது. மெலிந்திருக்கிறாள். அம்மாவின் ஸ்வெட்டரைப் போட்டிருக்கிறாள். ஒருமுறை அவன் காலுறையில் இருந்த ஓட்டையைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். மூன்று வினாடியில் இவ்வளவு பார்க்க முடியும் என்று கல்யாணமான புதிதில் யாராவது சொல்லியிருக்கலாம்.

கிளம்புகிற நேரத்தில் பெரியத்தை பேச்சை எடுத்தாள்.

"மாப்ளே, புலவாயோ நகரத்துல ஒரு பேக்கரியில இவளுக்கு வேலை கெடச்சிருக்கு. வர்ற திங்கக்கெழமைக்கு அடுத்த திங்கக்கெழமை சேரணும். பஸ்ஸு இந்த வாசல்லேருந்து ஏறுவாளா, உன் வாசல்லேருந்தா, அது அவ இஷ்டம். எங்க வாசல்லேருந்து ஏறிட்டான்னா, அப்புறம் நீ எங்களுக்கு வெறும் டிவி மெக்கானிக்கு. புரியுதா?"

புரிந்தது. புருஷன் வீட்டு வாசலிலிருந்து போனால் வேலைக்குப் போன பெண்டாட்டி. அப்பா வீட்டு வாசலிலிருந்து போனால் போனவள்தான். அந்த வாரம் முழுவதும் டகுமா ஏழு வீட்டில் டிவி மாட்டினான்; இரண்டைக் கோணலாக மாட்டினான்.

மூன்றாவது சனிக்கிழமை சினெம்பிரி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டைப் படித்தார்.

"மொத சனிக்கெழமை பதினாலு தடவ. கேபிள் மாத்தின அன்னைக்கு பத்தொம்பது. மாப்ளே, வைத்தியம் பாத்ததுக்கப்புறம் நோயாளி மோசமாயிருக்கான். இன்னைக்கு முடியலன்னா வேற ஆள வெச்சுக்கறேன். மூணு வினாடி இருட்டத் தீர்க்க முடியாதவன்கிட்ட எந்த தைரியத்துல பொண்ண அனுப்புறது?"

டகுமா பணிவாகக் கைதட்டினான். படம் ஓடியது. விளம்பரம் வந்தது, திரை கறுத்தது. வாசல் காலியாக இருந்தது.

கண் தப்பியிருக்கும் என்று அடுத்த இருட்டுக்குக் காத்திருந்தான். அப்போதும் காலி.

பயந்துபோனான். ரிமோட்டை எடுத்துப் படத்தைவிட்டு வெளியே வந்தான், இருட்டு. மறுபடி படத்துக்குள் போனான்; இருட்டு. வெளியே, உள்ளே, வெளியே, உள்ளே. கூடம் தெரிகிறது, சோபா தெரிகிறது, மாமனார் நோட்டில் வேகமாக எழுதுவது தெரிகிறது, அவள் மட்டும் இல்லை.

"என்ன பண்ற நீ!" என்று கத்தினார் சினெம்பிரி. "நோட்டுல எடம் பத்தல!"

அடுத்த இருட்டில் அவனுக்குப் பின்னால் ஒரு ஸ்வெட்டர் தெரிந்தது. செகெசாய் குனிந்து அவன் கையிலிருந்த ரிமோட்டைப் பிடுங்கினாள். டிவி மெக்கானிக்கோடு ஆறு வருடம் குடித்தனம் செய்தவள் அவள். நான்கு பொத்தான் அழுத்தினாள். அந்த வரியை அணைத்தாள். படத்துக்குள் போனாள், வெளியே வந்தாள். இருட்டு இல்லை. சோப்பும் கதாநாயகியும் ஒருவர் பின் ஒருவராக வெளிச்சத்திலேயே வந்துபோனார்கள்.

"இது எத்தன நிமிஷ வேலைன்னு அவர்கிட்டயே கேளுங்கப்பா."

"எத்தன?"

"அர நிமிஷம் மாமா."

"அப்புறம் மூணு சனிக்கெழமை என்ன பண்ணின?"

பெரியத்தைக்குத்தான் முதலில் விளங்கியது.

"தம்பி, இவன் டிவியப் பாக்கல. இருட்டுல நம்மளப் பாத்திருக்கான்." தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள். "ஏண்டா, அன்னைக்கு நான் பல்லு குத்தினதையுமா?"

"ஆமா பெரியத்தை."

செகெசாய் ரிமோட்டை அப்பா மடியில் போட்டுவிட்டு, சமையலறை வாசலுக்கே போய் நின்றுகொண்டாள்.

"இனிமே இருட்டு வராது. பாக்கணும்னா திரும்பிப் பாருங்க."

வாசலுக்கு உள்ளே, முக்காலியில், மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள் என்பது டகுமாவுக்குத் தெரியும். கிடாயின் விலையும் தெரியும். உட்கார்ந்த இடத்திலேயே முழு உடம்பையும் திருப்பினான்.

மாமியார் வீலென்று கத்தி, பாவாடைக்கு மேல் கட்டியிருந்த இடுப்புத்துணியின் நுனியை முகத்துக்கு ஏற்றினாள். கீரை சிதறியது.

"கிடாய்!" என்றாள் பெரியத்தை. "ஒரு கிடாய்! எல்லாரும் பாத்துக்குங்க!"

செகெசாய் நகரவில்லை. "அன்னைக்கு நான் என்ன சொன்னேன்?"

"வேலை போச்சுன்னு."

"அதுக்கப்புறம்?"

அதற்கப்புறம் ஒன்று இருந்தது என்பதே அவனுக்குப் புதுச் சேதி. ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தான். அவள் முகம் எதிரில் இருந்தது. சோப்பு விளம்பரம் எதுவும் வந்து அதை மறைக்கவில்லை.

"தெரியாது," என்றான். "சொல்லு."

சொன்னாள். பேக்கரியில் அவளோடு சேர்த்துப் பதினோரு பெண்களையும் வேலைத் தொப்பியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போகச் சொன்னது. மழை. அவள் நேரே வீட்டுக்கு வராமல் பஸ் நிலையத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தது. எப்படிச் சொன்னால் அவன் திரும்புவான் என்று யோசித்துக்கொண்டிருந்தது. நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். நடுவில் சினெம்பிரி, வாழ்நாளில் முதல்முறையாக, தானாகவே டிவியின் சத்தத்தைக் குறைத்தார். டகுமா கண் கொட்டவில்லை. கொட்டினால் அதையும் நோட்டில் எழுதிவிடுவார்களோ என்று பயந்தான்.

ஞாயிற்றுக்கிழமை கிடாய் வந்தது. அந்த வீட்டுக்கு வேறு மாப்பிள்ளை இல்லாததால், அபராதம் கட்டியவனே உரித்தான்.

திங்கட்கிழமை காலை அவளுடைய பை டகுமாவின் வாசலிலிருந்துதான் புறப்பட்டது. திரும்பி வந்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. மாதக் கடைசியில் வந்து பார்க்கிறேன் என்றாள். பார்க்கிறேன் என்றால் எதை என்று கேட்க அவனுக்கு தைரியம் வரவில்லை. பஸ் வந்து நிற்கும்வரை பேசிக்கொண்டே இருந்தாள்: கூரையில் ஒழுகுகிற இடம், வேலியில் கிடக்கிற அவளுடைய இன்னொரு சட்டை, புலவாயோவில் தங்கப்போகிற அறையின் கதவு எண். இன்று எழுப்பிக் கேட்டாலும் டகுமா ஒரு வார்த்தை விடாமல் ஒப்பிப்பான்.

கடைசியாகச் சொன்னதை மட்டும் அவனால் ஒப்பிக்க முடியாது. பஸ் நகர்ந்த பிறகு, சாத்திய கண்ணாடிக்குப் பின்னால் அவள் உதடு அசைந்தது. சைகை காட்டிக்கொண்டே கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்தான், கேட்கவில்லை. மாதம் முடிய இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.