வெளிர்கட்டைத் துப்பாக்கி

காஸ்பர் பிளான்ட்சர், 1934–2007. சுவிட்சர்லாந்தின் ஊரி மாநிலத்தில், ஷெக்கன் பள்ளத்தாக்கில் பிறந்தார். அடிவாரத்திலிருந்து மேட்டுப் பண்ணைகளுக்கு ஏறியிறங்கும் கம்பிவடப் பெட்டியின் காவலராக, ஓய்வு பெறும்வரை அங்கேயே பணிபுரிந்தார். பால் கேன்களையும் கன்றுக்குட்டிகளையும் பாதிரியாரையும் அந்தப் பெட்டியில் ஏற்றி இறக்கியவர். மனைவி பெயர் அகாத்தா. குழந்தைகள் இல்லை. துப்பாக்கி வாங்க நினைத்தவர்கள், அதிலும் கையில் அதிகம் காசில்லாதவர்கள், அவரிடம்தான் யோசனை கேட்க வந்தார்கள். அவருடைய வாழ்க்கையைச் சொல்லப் புகுந்தால் மைன்ராட் ஹெர்கரைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவருக்கு அது பிடித்திருக்காது என்பதைத் தெரிந்தே சொல்கிறேன்.

அந்தப் பள்ளத்தாக்கில் வயதுக்கு வந்த ஆண்மகன் ஒவ்வொருவனுக்கும் இராணுவம் ஒரு துப்பாக்கியைக் கொடுத்து, வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தது. ஞாயிறு காலை பூசை முடிந்ததும் எல்லோரும் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு மிதிவண்டியில் சுடுகளத்துக்குப் போவார்கள். இரண்டு பேர் மட்டும் வெறுங்கையோடு போய், ஊர்ச் சுடுவோர் சங்கத்தின் இரவல் துப்பாக்கிக்காகக் காத்து நிற்பார்கள். காஸ்பருக்குத் தட்டைப்பாதம். சாலைப் பணியாளரான மைன்ராடுக்கு இடது காது கேட்காது. இருவரையும் இராணுவம் வேண்டாமென்று திருப்பி அனுப்பியிருந்தது. மைன்ராட் அதைச் சிரித்துக்கொண்டே ஊரெல்லாம் சொல்லுவார். காஸ்பர் யாரிடமும் சொன்னதில்லை.

1964 இளவேனிலில், படைக்குப் புதிய துப்பாக்கி வந்துவிட்டதால், ஆல்ட்டோர்ஃப் நகரத்து ஆயுதக் கிடங்கு கார்பைன் என்னும் பழைய துப்பாக்கிகளை மலிவாக விற்றது. இருவரும் சேர்ந்தே போனார்கள். நல்லவை முன்னரே போய்விட்டிருந்தன. அவர்களால் கொடுக்கக்கூடிய விலையில் மூலையில் இரண்டு சாய்ந்திருந்தன. ஒன்றின் கட்டை அக்ரூட் மரம்; தேன் நிறத்தில் வரியோடி வழுவழுவென்று இருந்தது. மற்றொன்று வெளிறிய பீச் மரம்; படைவீரர்களின் காலணி ஆணிகள் இடித்து இடித்து அதன் அடிப்பகுதி முழுவதும் நைந்து போயிருந்தது. காஸ்பரின் மனம் அக்ரூட்டைக் கண்டதுமே நிலைகொண்டுவிட்டது. அதன் குழலுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தார், பழுதில்லை. மற்றதன் குழலுக்குள் அவர் பார்க்கவேயில்லை.

"காஸ்பரு, இதெல்லாம் தெரிஞ்சவன் நீதான். நான் எதை எடுக்கட்டும்?" என்றார் மைன்ராட்.

"அந்த வெளிர்கட்டையை எடுத்துக்க. கொஞ்சம் கனம். கனமா இருந்தா உதைக்காது. உன் தோளுக்கு அதான் தோது."

"ஆடு கடிச்சுப் போட்ட மாதிரி இருக்கேப்பா!"

"சுடப்போறது கட்டையா, குழலா?"

"அதுவும் சரிதான். அப்போ உனக்கு?"

"எனக்கென்ன, மிச்சம் இருக்கறதை எடுத்துக்கறேன்."

மைன்ராட் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, வரும் வழியில் விடுதியில் சாராயம் கலந்த காப்பி வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முந்நூறு மீட்டர் தூரத்தில் இருவரும் அடுத்தடுத்த தடங்களில் படுத்தார்கள். காஸ்பர் நான்கில், மைன்ராட் ஐந்தில். ஒவ்வொரு குண்டுக்கும் இலக்கின் கீழே குழியில் இருப்பவர் நீண்ட கம்பின் முனையிலுள்ள தட்டைத் தூக்கி, விழுந்த இடத்தைக் காட்டுவார். நான்காம் தடத்தில் அந்தத் தட்டு மேலும் கீழும் இடமும் வலமுமாக அலைந்தது. ஐந்தாம் தடத்தில் நடுவை விட்டு நகரவேயில்லை. மைன்ராட் சுட்டு முடித்து எழுந்து, நைந்த கட்டையைத் தடவி, "உதைக்கவே இல்ல காஸ்பரு! நீ சொன்னா சொன்னதுதான்!" என்று எல்லோர் காதிலும் விழும்படி கத்தினார். ஒரு காது கேளாதவர் மெதுவாகப் பேசமாட்டார்.

அன்று காஸ்பரின் நெஞ்சுக்குள் புகுந்த எரிச்சல் பிறகு வெளியேறவேயில்லை. தாம் தள்ளிவிட்ட பொருள் அது. தம் கையாலேயே எடுத்துக் கொடுத்தது. இதை அவரால் யாரிடம் சொல்ல முடியும்? பெட்டி மேலே போய்த் திரும்பும்வரை நிலையத்தில் உட்கார்ந்து அந்தக் குழலைப் பற்றியே எண்ணினார். அது மட்டும் தம்மிடம் இருந்தால், ஒரே ஓர் ஆண்டாவது சங்கத்தின் தரவரிசையில் தம் பெயர் மைன்ராடின் பெயருக்கு மேலே இருக்கும். அவர் வாழ்க்கையில் விரும்பியது அவ்வளவுதான்.

மைன்ராட் பலமுறை, "ஒரு தடவை இதுல சுட்டுத்தான் பாரேன்" என்று நீட்டியதுண்டு. காஸ்பர் மறுத்துவிடுவார். நன்றாகச் சுட்டுவிட்டால் திருப்பிக் கொடுக்க மனம் வராது. மோசமாகச் சுட்டால் அதைவிடக் கேவலம்.

ஆனால் அந்த எரிச்சலே அவரை வல்லுநராக்கிவிட்டது. வருகிறவர்களிடம் அவர் சொல்லும் முதல் வார்த்தை, "குழலுக்குள்ள பாரு, அப்புறம் மத்தது." மரத்துக்கும் மெருகுக்கும் கொடுக்கிற காசு வீண் என்பார். கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பிறகு கண்ணைத் திறக்கச் சொல்லுவார். குறி இலக்கின் பக்கமே இல்லாவிட்டால், சும்மா கொடுத்தாலும் அது வேண்டாம். பிஸ்டல் கேட்டு வருவோரிடம் கையை நீட்டச் சொல்லி, கை நடுங்கத் தொடங்கும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டேயிருப்பார். "முதல்ல சின்னத் தோட்டா போடற பழைய பிஸ்டல் ஒண்ணு வாங்கு. பெரிசு வாங்கினா துப்பாக்கிக்கு ஒரு தடவை, தோட்டாவுக்கு ஒவ்வொரு வாரமும் அழணும்." துப்பாக்கியின் விலையைக் கேட்பவன் பாதிக் கணக்குத்தான் போடுகிறான் என்பது அவர் கொள்கை. இவை எல்லாமே நல்ல யோசனைகள். அந்தப் பள்ளத்தாக்கில் ஏமாந்து துப்பாக்கி வாங்கியவர்கள் மிகக் குறைவு.

1971இல் மைன்ராடும் பிஸ்டல் ஆசையோடு வந்து நின்றார். காஸ்பர் அவருடைய நீட்டிய கையைப் பார்த்தார். அது கல்லில் அடித்த முளைபோல அசையாமல் இருந்தது.

"உனக்குப் பிஸ்டல் ஒத்துவராது மைன்ராடு."

"ஏம்ப்பா, கை ஆடுதா?"

"வெளியில தெரியாது. உள்ளுக்குள்ள ஆடுது."

"அப்படியா! நல்லவேளை சொன்னே. பணம் மிச்சம்." மிச்சமான பணம் முழுவதற்கும் மைன்ராட் கார்பைனுக்குத் தோட்டா வாங்கிச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் சுட்டுப் பழகினார். அவ்வாண்டு முதல் அவரை நெருங்கவும் ஆளில்லை. செய்தியைக் கேட்ட அகாத்தா உருளைக்கிழங்கும் மக்ரோனியும் கலந்த சட்டியை மேசைமேல் வைத்தபடி, "மனுசா, நீ அந்தாளுக்குக் கெடுதல் பண்றதா நெனச்சா தயவுசெஞ்சு பண்ணாதே. பண்ணப் பண்ண அவரு மேலே போயிட்டே இருக்காரு" என்றாள்.

1979 இலையுதிர்காலத்தின் இறுதிப் போட்டி. ஈயக் குடுவைதான் பரிசு. கடைசிக் குண்டுக்கு முன் இருவரும் சமம். மைன்ராடுக்கு ஒரு வழக்கம் உண்டு: ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் துப்பாக்கியைத் திறந்து வைத்துவிட்டு, எதிர்மலையை வேடிக்கை பார்ப்பதுபோல் நெடுநேரம் சும்மா கிடப்பார். அது திமிர் என்பது காஸ்பரின் முடிவு. அன்றும் அவர் அப்படிக் கிடந்தார். காஸ்பரோ குறிபார்க்கும் கண்ணை ஐந்தாம் இலக்கின்மேல் ஓடவிட்டார். அங்கே என்ன விழப் போகிறது என்பதைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் அப்போது அவருக்கு இல்லை. அப்படியே விசையை இழுத்தார். அருமையான குண்டு, விட்டபோதே தெரிந்தது. அடுத்த மூச்சில் மைன்ராடும் சுட்டார்.

நான்காம் இலக்கின் மேல் சிவப்புக் கொடி அசைந்தது: ஒன்றும் விழவில்லை. ஐந்தாம் இலக்கில் தட்டு இரண்டு முறை எழுந்தது: ஒரு பத்து, ஓர் ஏழு.

களத்தலைவர் தலையைச் சொறிந்தார். "ரெண்டும் ஒரே அளவுத் தோட்டா. எது யாருதுன்னு சொல்ல முடியாது. விதிப்படி நல்லது இலக்குக்காரனுக்கு. பத்து ஹெர்கருக்கு. பிளான்ட்சருக்குச் சுழியம்."

"இல்லீங்க, ஏழுதான் என்னுது. இழுக்கும்போதே கை உதறிருச்சு" என்றார் மைன்ராட்.

"நீ சொல்றதுக்காக விதியை மாத்த முடியுமா? பேசாம குடுவையை வாங்கிக்க."

பின்னால் யாரோ, "அடேயப்பா, துப்பாக்கியும் இவன் குடுத்தது, குண்டும் இவன் குடுத்தது!" என்றான். களமே சிரித்தது. மைன்ராட் மட்டும் சிரிக்கவில்லை. குடுவையை ஆண்டில் பாதி நாள் உன் வீட்டில் வை என்று கெஞ்சினார். அந்த நல்ல குணத்தைத்தான் காஸ்பரால் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை.

1998 பனிக்காலத்தில் மைன்ராட் நுரையீரல் காய்ச்சலில் இறந்தார். அடக்கத்தின்போது சங்கத்தின் கொடி சவக்குழியின் மேல் தாழ்ந்தது. காஸ்பர் தொப்பியைக் கழற்றி நின்றார். துப்பாக்கி இனி யாருக்குப் போகும் என்ற நினைப்பு தம் மனத்தில் எழுந்ததற்கு வெட்கப்பட்டார்; ஆனால் அதை விரட்டவில்லை.

ஈஸ்டருக்கு முன் மைன்ராடின் மனைவி ஒட்டிலியா உருளைக்கிழங்குச் சாக்கில் சுற்றிய கார்பைனோடு வந்தார்.

"இதை வித்துடலாம்னு பார்க்கறேன். ஆல்ட்டோர்ஃப்ல எங்க அக்கா மகன் கேக்கறான். என்ன போகும்னு நீங்கதான் சொல்லணும்."

"அவனுக்கு எதுக்குங்க? நான் எடுத்துக்கறேன்" என்று காஸ்பர் படபடத்து ஒரு தொகையைச் சொன்னார். அகாத்தா அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தாள். அந்தப் பணத்துக்குப் புதுக் குழல் போட்ட துப்பாக்கியே கிடைக்கும்.

"அவ்வளவு வேண்டாங்க."

"இல்ல, பெறும்."

ஒட்டிலியாவின் கண் கலங்கியது. "அவரு சாகற வரைக்கும் சொல்லிட்டிருந்தாரு. 'காஸ்பரு அழகான கட்டையை எனக்குக் குடுத்திருக்கலாம். அதுல என்ன இருக்கு? நல்ல குழலைப் பார்த்து எனக்குக் குடுத்தான்'னு. இந்தக் காலத்துல யாருங்க அப்படிச் செய்வா?"

காஸ்பர் சாக்கின் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்களுக்கு ஆயிரம் முறை சொன்னதைத் தாமே செய்யவில்லை: குழலுக்குள் பாராமலே பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டார்.

பனி விலகியதும் ஐந்தாம் தடத்தில் முதன்முறையாகப் படுத்தார். முதல் இரண்டு குண்டுகள் நடுவில் விழுந்தன. அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மூன்றாவது வலப்பக்கம் போயிற்று. நான்காவது இன்னும் தள்ளி. ஐந்தாவது இலக்கிலேயே இல்லை. அப்போதுதான் அவர் துப்பாக்கியைத் திறந்து குழலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். குண்டைச் சுழற்றிவிடும் சுருள் வரிகள் மழுங்கி, உள்ளே பழைய தண்ணீர்க் குழாயைப்போல இருந்தது.

ஆல்ட்டோர்ஃப் துப்பாக்கிக் கடைக்காரர் ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இதைப் போய் யாருங்க உங்க தலையில கட்டினது? உங்களையே ஏமாத்தற ஆள் இருக்காங்களா?"

"ஹெர்கரோடது."

"அட, மைன்ராடோடதா! இருபது வருஷம் முன்னாடியே சொன்னேனே, சுட்டுச் சுட்டே குழலைத் தின்னுட்டீங்க, மாத்துங்கன்னு. 'எதுக்குச் செலவு? சூடேறினாத்தான் இழுக்குது, ஆறவிட்டுச் சுட்டாப் போச்சு'ன்னு சிரிச்சுட்டுப் போனாரு."

எதிர்மலையைப் பார்த்துக்கொண்டு அவர் சும்மா கிடந்தது காஸ்பரின் கண்முன் வந்தது. அந்த இருபது ஆண்டுகளிலும் ஒவ்வோர் ஆண்டும் மைன்ராட் அவரை வென்றிருந்தார். செத்த குழலை வைத்துக்கொண்டு வென்றிருந்தார். இத்தனை காலம் அவர் பொறாமைப்பட்டது ஒரு துப்பாக்கியின்மேல் என்றே நம்பியிருந்தார். அந்தத் துப்பாக்கி இப்போது அவர் மடியில் கிடந்தது. பொறாமையோ கொஞ்சமும் குறையாமல் அப்படியே இருந்தது; அதை வைக்கத்தான் இடமில்லை.

"புதுக் குழல் போடட்டுங்களா?"

"வேண்டாம்" என்றார் காஸ்பர். "அவனால முடிஞ்சது என்னால முடியாதா?"

அன்றுமுதல் அவர் அதைத் தவிர வேறெதிலும் சுடவில்லை. ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் துப்பாக்கியைத் திறந்து வைத்து மலையைப் பார்த்துக் கிடக்கப் பழகினார். அவருக்கு அது வரவில்லை. மலையைப் பார்க்க வேண்டிய கண் பக்கத்துத் தடத்துக்குத்தான் போயிற்று. சும்மா கிடந்த அக்ரூட் கட்டைத் துப்பாக்கியை ஒரு நாள் ஒட்டிலியா கேட்டு வாங்கிப்போனார். வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்க முடியவில்லையாம். இரண்டாம் ஆண்டிலேயே ஒட்டிலியாவின் தொப்பியில் சங்கத்தின் வெற்றிப் பதக்கம் ஏறியது.

"அந்தத் துப்பாக்கியில அப்படி ஒண்ணும் இல்லையே" என்று காஸ்பர் வீட்டுக்கு வந்து புலம்பினார்.

"அதைத் திரும்ப விலைக்குக் கேட்டுடாதே, மனுசா" என்றாள் அகாத்தா.

2006 வசந்தத்தின் ஊர்ப் போட்டியில் இருவரும் அடுத்தடுத்துப் படுத்தார்கள். குழியில் இப்போது ஆளில்லை. குண்டு விழுந்த இடம் ஒவ்வொரு தடத்திலும் சிறு திரையில் தெரியும். காஸ்பர் ஆறவிட்டு, ஆறவிட்டுச் சுட்டார். கடைசிக் குண்டை விட்டதும் தம் திரையைப் பாராமல், முதலில் ஒட்டிலியாவின் திரையைப் பார்த்தார். பத்து. அதற்குப் பிறகுதான் தம்முடையதைப் பார்த்தார், அதிலும் பத்து. கூட்டிப் பார்த்தபோது ஒட்டிலியாவுக்கு ஒரு புள்ளி அதிகம்.

அதன்பின் காஸ்பர் துப்பாக்கியைத் தொடவில்லை. அவர் கடைசியாகச் சுட்டது 2006 மே 27, சனிக்கிழமை.