பக்கத்து வீட்டுக் கொரிய நாடகம்

எங்கள் வீட்டில் பயப்படுவதும் ஒரு நல்ல பழக்கம்தான். அப்பாவின் அகதிக் கேஸ் முடியாமல் இழுபட்ட காலம் அது. யாராவது கதவைத் தட்டினால் முதலில் ரீவியின் சத்தம் குறையும், பிறகுதான் யாரென்று பார்ப்பார்கள். "வீட்டில நடக்கிறதை வெளியில மூச்சும் விடக்கூடாது, விளங்குதோ?" என்று அம்மா தலை பின்னும்போதெல்லாம் சொல்லுவா. நான் ஓம் என்பேன்.

அம்மாவுக்குக் கடையில் பின்னேர ஷிப்ட். பள்ளி விட்டதும், நாங்கள் அகதியாக வந்து குடியிருந்த மோர்டனில், எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த ஜப்பான் அன்ரிதான் என்னைப் பார்த்துக்கொள்வா. சில நாட்களில் அவவின் ஜப்பான் சிநேகிதிகள் வருவார்கள். திரைச்சீலையை இழுத்து மூடி, கொரிய நாடகம் ஒன்றைப் போட்டுவிட்டு, கீழே ஓடும் ஜப்பான் எழுத்தைப் படித்துப் படித்து அழுவார்கள். கதாநாயகன் குடையை விரித்தாலே போதும், கண்ணீர் கொட்டும். பிள்ளை குட்டி பெற்றவர்கள் இப்படி உருகுவதைப் பார்க்க எனக்குத்தான் வெட்கமாக இருக்கும். கணவர் வருமுன் அன்ரி எல்லாவற்றையும் ஒளித்துவிடுவா. "அவருக்குக் கொரியா என்றாலே பிடிக்காது. சொல்லிவிடாதே" என்பா.

மூடிய திரைச்சீலை, குறைந்த சத்தம், சொல்லாதே. எனக்கு வேறென்ன வேண்டும்? கொரிய நாடகம் பார்த்தால் பொலிஸ் வரும், அன்ரியைப் பிளேனில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிடும் என்று நானே முடிவுகட்டிவிட்டேன்.

ஒருநாள் அன்ரியின் கணவர் வழக்கத்தைவிட நேரத்தோடு வந்துவிட்டார். கதவில் சாவி திரும்பும் சத்தம் கேட்டதும் அன்ரி நாடகத்தை நிறுத்தினா. சிநேகிதிகள் அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நாடகத்தின் சீடி உறை மட்டும் சோபாவில் கிடந்தது. அதை எடுத்துப் பள்ளிச் சுவெட்டருக்குள் செருகினேன். ஒரு மூலை வெளியே துருத்திக்கொண்டு நின்றது.

சிநேகிதிகள் குனிந்து வணங்கிப் போனதும் அவர் என் முன்னால் வந்து குந்தினார். "உள்ளே என்ன?"

"என்னுடையது. தமிழ்ப் படம்" என்றேன். அவர் அதை மெல்ல உருவினார். உறையில் கொரிய நடிகர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சரி, உன் தமிழ்ப் படத்தைப் பார்ப்போம்" என்று ரீவியைப் போட்டுவிட்டு, திரைக்கு முதுகைக் காட்டியபடி என் பக்கம் திரும்பினார். அன்ரி அடுப்படி வாசலில் அசையாமல் நின்றா. பொலிசுக்கு எப்போது போன் எடுப்பாரோ என்று நான் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் ஒரு கிழவி மகனை ஏதோ சொல்லி ஏசினா. அவர் பட்டென்று சிரித்துவிட்டார். கீழே ஓடும் எழுத்தைப் பார்க்காமலே சிரித்தார். அடுத்த கணம் வாயைப் பொத்திக்கொண்டார், முகம் வெளிறிப்போயிருந்தது.

வளர்ந்தபிறகுதான் அன்ரி சொன்னா. அவர் ஒசாக்காவில் பிறந்தவர், தாய் தகப்பன் கொரியர். பள்ளியில் அதற்காக அடி வாங்கி, அந்த மொழியை விழுங்கிவிட்டு, ஜப்பான் பெயரோடு வாழ்ந்தவர். ஜப்பான் பெண்கள் எல்லாரும் கொரிய நடிகர்களுக்காக உருகத் தொடங்கிய பிறகும் அந்த அன்பை அவர் நம்பவில்லையாம்.

அன்று பொலிஸ் வரவில்லை, அன்ரியை யாரும் கொண்டுபோகவில்லை. எனக்கு அதுவே பெரிய நிம்மதி. அந்த அறையில் பிடிபட்டவர் அவர்தான் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.