தலைப்பட்டை

சுகுமாறன் மலேசியாவில், கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். கிரேன் வெளியே நிற்கும். அவர் அறைக்குள் உட்கார்ந்து, திரையைப் பார்த்து கன்டெய்னர் தூக்குவார். தலையில் ஒரு பட்டை கட்டியிருக்க வேண்டும். மனம் தடுமாறினால் திரையில் சிவப்பு எரியும், கிரேன் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மனசைப் படிக்கிற மெஷினாம்.

அவருக்கோ அடர்ந்த சுருட்டை முடி. பட்டை தோலில் பதியாது. நன்றாக இருக்கிற மனுஷனையே கலங்கிவிட்டான் என்று அது நாளுக்குப் பத்துத் தடவை சொல்லும். முடியை ஒட்ட வெட்டச் சொல்லி ஆபீஸில் நச்சரித்தார்கள். மனைவி தாமரை விடவில்லை.

"அந்த முடியப் பாத்துத்தான் ஒங்களக் கட்டிக்கிட்டேன். மெஷினுக்காக வெட்டுவீங்களா?"

இரண்டு வாரத்துக்கு முன் தாமரை ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். பிள்ளை இல்லாததால் சுகுமாறனே மொட்டையடித்துக் கொள்ளி வைத்தார். அன்றிலிருந்து அவருக்கு அழுகைகூட வரவில்லை.

இன்று வேலைக்குத் திரும்பியவருக்குப் பட்டையைக் கட்டிவிட்டாள், புதிதாகச் சேர்ந்த டெக்னீஷியன் கேரன். திரையில் பச்சை எரிந்தது. வெகுநேரம் பார்த்தும் அது மாறவே இல்லை.

"சிக்னல் ரொம்ப கிளியர் லா, அங்கிள். மனசு அமைதியா இருக்குன்னு காட்டுது," என்றாள். அவர் தலையைப் பார்த்துச் சிரித்தாள். "பத்துமலை முருகனுக்கு முடி எறக்குனீங்களா? வேண்டுதலா?"

சந்தனம் பூசாத மொட்டையை அவர் ஒருமுறை தடவிக்கொண்டார்.

"ஆமாம்மா," என்றார்.

அந்தப் பொய்யையும் கேட்டுக்கொண்டு பச்சை விளக்கு அமைதியாக எரிந்தது.