கண்ணாடியில் இருந்த பொட்டு

அம்மா வேலைக்குப் போகும்போது பொட்டு வைத்துக்கொண்டு போவாள். அங்கே போனதும் எடுத்துவிடுவாள். எங்கள் வீட்டில் இது தீராத வழக்காக இருந்தது.

கடலூருக்குப் பக்கத்தில் செம்மங்குப்பத்தில் ஊசி மருந்து தயாரிக்கும் ஒரு கம்பெனியில் அம்மா நுண்ணுயிரியல் பிரிவில் இருந்தாள். மருந்து நிரப்பும் அறைக்குள் போகிறவர்கள் பூ, பொட்டு, வளையல், பவுடர், மை எதுவும் வைத்திருக்கக் கூடாது. உதிர்கிற தூசியோடு கிருமியும் மருந்தில் விழுந்துவிடும் என்பார்கள். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு, முகமூடி, கண்ணுக்குப் பெரிய கண்ணாடி. அந்த அறையில் சத்துக்கூழ் ஊற்றிய தட்டுகளைத் திறந்து வைத்து, பிறகு மூடி, இளஞ்சூட்டில் சில நாள் வைத்திருந்து, அதில் புள்ளி ஏதும் முளைக்கிறதா என்று பார்ப்பது அம்மாவின் வேலை.

அப்பாவின் அக்காவுக்கு, அதாவது என் அத்தைக்கு, இது பிடிக்கவே இல்லை. "புருசன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது பொட்ட எடுத்துட்டு செய்யற வேல இன்னா வேல" என்பாள். அப்பா சிரித்துக்கொண்டே போய்விடுவார். எங்கள் சிதம்பரத்துக் கீழ சன்னதிக் கடைகளிலிருந்து அம்மாவுக்கு அரக்கு நிற ஸ்டிக்கர் பொட்டு அட்டை அட்டையாக வாங்கி வருகிறவர் அவர்தான்.

நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது அப்பா இறந்துபோனார். மார் வலிக்கிறது என்று ஆட்டோவில் ஏறிப் போனவர் உயிரோடு திரும்பவில்லை. கருமாதி அன்று காலையில் என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டார்கள். அங்கே எனக்கு இட்லியும் டிவியும் கிடைத்தன. திரும்பி வந்தபோது அம்மா நெற்றியிலும் கையிலும் ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். வேலைக்குப் போய் எடுத்ததைத் திரும்ப வைக்க மறந்து வந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அதன் பிறகு வீட்டிலும் அவள் பொட்டு வைக்காதபோது, கம்பெனியில் சட்டத்தைக் கடுமையாக்கிவிட்டார்கள் போலிருக்கிறது என்று முடிவு செய்தேன். பொட்டை எடுக்கிறாளே என்று குறைப்பட்ட அதே அத்தைதான் அன்று முன்னால் நின்று எடுக்கவைத்தாள் என்பது பின்னால்தான் தெரிந்தது.

துக்கம் கேட்க அம்மாவோடு அண்ணாமலை நகரில் படித்த தோழிகள் மூன்று பேர் வந்தார்கள். ஒருத்தி பரங்கிப்பேட்டைப் பக்கம் இறால் குஞ்சு வளர்க்கும் இடத்தில் நோய் பார்க்கிறவள். இன்னொருத்தி கடலூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் நோயாளிகளின் சளியைப் பார்க்கிறவள். மூன்றாமவள் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். நால்வருக்கும் பிழைப்பு கிருமியோடுதான். மற்றவர்கள் அது எங்கே இருக்கிறது என்று காட்ட வேண்டும், அம்மா அது எங்கேயும் இல்லை என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

கல்லூரித் தோழி தன் துறையில் ஒரு இடம் காலியாக இருப்பதாகச் சொன்னாள். வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். பெரியப்பா உடனே பிடித்துக்கொண்டார். "காலேஜ் வேலன்னா நாலு பேரு மதிப்பாங்க. விடியறதுக்குள்ள அந்த கம்பெனி பஸ்ஸ புடிச்சி ஓடணும்னு இன்னா தலையெழுத்து? புள்ளைய யாரு பாக்கறது?"

"யோசிச்சி சொல்றேன் மாமா" என்றாள் அம்மா. தோழியிடம் பூஜை விடுமுறை முடிவதற்குள் சொல்வதாகப் பேச்சு.

நான் பெரியப்பா கட்சி. அம்மா கல்லூரிக்குப் போனால் நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீட்டில் இருப்பாள். அப்பாவும் இல்லாத வீட்டில் சாயங்காலங்கள் எனக்குத் தாங்க முடியாதவையாக இருந்தன. அம்மாவுக்கும் அந்தத் தெருவில் இருப்பு கொள்ளவில்லை என்பதற்கு அடையாளங்கள் இருந்தன. எதிர்வீட்டு வளைகாப்புக்கு அழைக்க வந்தவர்கள், வாசலில் நின்ற அம்மாவைத் தாண்டி உள்ளே போய், அன்று வந்திருந்த அத்தைக்குக் குங்குமம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அம்மா அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஆயுத பூஜைக்குப் பிள்ளைகளைக் கம்பெனிக்கு அழைத்து வரலாம் என்றார்கள். அம்மாவோடு அந்த பஸ்ஸில் போனேன். பொரி கடலை கொடுத்தார்கள். பூஜை என்று கிருமி லீவு போடாது என்பதால் தட்டுகளைப் பார்க்க அம்மாவும் இன்னும் சிலரும் உள்ளே போய்விட்டார்கள். நடைபாதைக் கண்ணாடி வழியாக நான் பார்த்தேன். ஐந்தாறு வெள்ளை உருவங்கள் நடமாடின. எது அம்மா என்று எவ்வளவு நேரம் பார்த்தும் தெரியவில்லை. கை ஆட்டினேன். ஒருவர் பதிலுக்கு ஆட்டினார். அது அம்மாவா என்பதுகூட நிச்சயமில்லை.

பிறகு உடை மாற்றும் அறைக்கு என்னை அழைத்துப் போனார்கள். அங்கே சுவரில் ஒரு பெரிய கண்ணாடி. அதன் ஓரமெல்லாம் சிவப்பும் கறுப்பும் பச்சையுமாகப் பொட்டுகள் ஒட்டியிருந்தன. உள்ளே போகுமுன் எடுத்து ஒட்டிவிட்டுப் போனவை. வெளியே வந்த பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பொட்டைத் தடுமாறாமல் எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார்கள். வளையல்கள் சத்தம் போட்டன. ஒருத்தி கதம்பத்தைப் பையிலிருந்து எடுத்தாள்.

எல்லாரும் எடுத்த பிறகு மூலையில் ஒன்று மிச்சமிருந்தது. அரக்கு நிறம். அது அப்பா வாங்கிவருகிற பொட்டு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஸ்டூலில் ஏறி அதை உரித்து எடுத்துக்கொண்டு வந்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் நீட்டினேன்.

"அம்மா, ஒன்னோடத மறந்துட்ட."

கதம்பம் வைத்திருந்தவள் அதை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டாள். அப்பா இறந்த நாளன்று வேலைக்கு வந்தபோது அம்மா ஒட்டியது அது. அன்று அவசரமாக ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்கள் என்று எடுக்காமலே ஓடிவந்திருக்கிறாள். கண்ணாடியைத் துடைக்கிற ஆயா இத்தனை நாளும் அதை மட்டும் விட்டுச் சுற்றித் துடைத்து வந்திருக்கிறாள்.

அம்மா அதை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் அதே மூலையில் ஒட்டினாள். பசை போயிருந்ததால் விழுந்தது. மறுபடி ஒட்டிக் கட்டைவிரலால் வெகுநேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அது இங்கயே இருக்கட்டும்" என்றாள்.

அன்று இரவு பெரியப்பா பதில் கேட்டார். "நான் கம்பெனிக்கே போறேன் மாமா" என்றாள் அம்மா. அத்தையும் பெரியப்பாவும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தார்கள். அம்மா தலைகுனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாளே தவிர, சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. எனக்கு அழுகை வந்தது. பெரியப்பாவுக்கு உதவியாக, அந்த இடத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த பெரிய குறையை எடுத்துச் சொன்னேன்.

"அங்க உள்ள போயிட்டா எல்லாரும் ஒரே மாதிரி இருக்காங்க பெரியப்பா. எங்கம்மா யாருன்னே தெரியல."

அம்மா தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அதற்காகத்தான் அவள் அவ்வளவு தூரம் போய்வருகிறாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.