மைக்கில் கேட்டதை அப்படியே சொன்னேன்

1. மேரி ஹால்

எழுபதுகளின் நடுவில், தொகுதி எல்லைகளைத் திருத்தி வரையும் ஆணையம் காரைக்காலில் பொது விசாரணைக்கு வந்தது. தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி, வடநாட்டுக்காரர், தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க வேண்டியவருக்கு அன்று காலை கடும் காய்ச்சல். நான் தாலுகா ஆபீஸில் ஸ்டெனோ. தாசில்தார் என் மேசைக்கே வந்துவிட்டார்.

"சரோஜா, கெளம்புங்க. இன்னிக்கு நீங்கதான் டிரான்ஸ்லேட்டர்."

"சார், நான் டிக்டேஷன் எடுக்கிறவ. கூட்டத்துல பேசினதே இல்லீங்க."

"இங்கிலீஷ் தெரியுமில்ல? வாங்க, ஜீப் நிக்குது."

நகராட்சிக் கட்டடத்தைப் பிரெஞ்சு வழக்கில் மேரி என்றுதான் அப்போது சொல்வோம். ஹாலில் நிற்க இடமில்லை. நீதிபதி என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: மைக்கில் எது கேட்டாலும் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். தலையாட்டினேன்.

2. இரண்டாவது மைக்

இளையவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஓட்டுப்பெட்டியைத் தொடாமலே தேர்தலில் ஜெயிக்க வழி இருக்கிறது. தனக்கு ஓட்டுப் போடாத தெருவை அடுத்த தொகுதிக்குத் தள்ளிவிட்டால் போதும். அதனால்தான் எல்லைக்கோட்டை அரசியல்வாதிகள் போடாமல் ஆணையம் போடுகிறது. எம்.எல்.ஏ.க்கள் ஆணையத்தோடு உட்கார்ந்து கருத்துச் சொல்லலாம், முடிவெடுப்பதில் அவர்களுக்குப் பங்கு கிடையாது.

அன்றைய பிரச்சினை, வரிச்சிக்குடிப் பக்கத்தில் விவசாயக் கூலிக்காரர்கள் வசித்த ஒரு தெரு. ஆணையத்தின் வரைவில் அது பழைய தொகுதியிலேயே இருந்தது. அதை ஆற்றுக்கு அக்கரையில் இருந்த தொகுதியில் சேர்க்கச் சொல்லி உள்ளூர்க் கட்சிப் பிரமுகர் ஒருவர் மனு கொடுத்திருந்தார்.

"ஜனத்தொகை ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும்ங்க. அதுக்காகத்தான் கேக்குறேன்" என்று பதவிசாகப் பேசிவிட்டு உட்கார்ந்தார்.

அடுத்து அந்தத் தெருவின் அஞ்சலை எழுந்தார். நடவு வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்.

"ஐயா, பள்ளிக்கூடம், ரேஷன் கடை எல்லாம் எங்களுக்கு இந்தக் கரையிலதாங்க. அந்தக் கரைக்குப் பாலமே இல்ல. தெருவுக்கு ஒரு வெளக்குப் போடச் சொல்லணும்னா, ஆத்தச் சுத்தி ரெண்டு பஸ்ஸு மாறிப் போயா எம்.எல்.ஏ.வப் பாக்கணும்?"

நான் அதைச் சொல்லி முடிக்கவும், ஸ்பீக்கரில் பிரமுகரின் குரல் கேட்டது. அவர் முன்னால் இருந்த இரண்டாவது மைக்கை யாரும் அணைக்கவில்லை. அது தெரியாமல் பக்கத்து ஆளிடம் சொன்னார்:

"இவளுவ எந்தக் காலத்துல நமக்கு ஓட்டுப் போட்டாளுவ? அக்கரைக்குத் தள்ளிட்டா நிம்மதி."

ஹால் முழுக்கக் கேட்டது. நீதிபதி என்னைப் பார்த்தார். எதிரே நின்ற தாசில்தார் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். எனக்கோ வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பிரமுகர் ஒரு போன் போட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆனால் அஞ்சலை உட்காராமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

பிரமுகர் துள்ளி எழுந்தார். "அத டிரான்ஸ்லேட் பண்ண இந்தப் பொண்ணுகிட்ட யாரு சொன்னது?"

அதுவும் மைக்கில்தான் கேட்டது. அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன்.

"நான்தான்" என்றார் நீதிபதி.

அதைத் தமிழில் சொன்னபோது எழுந்த கைதட்டலில் ஜன்னலில் இருந்த புறாக்கள் பறந்துவிட்டன. கைதட்டல் அடங்கியதும் நீதிபதி பிரமுகரிடம், "உங்கள் மனதில் என்ன இருக்கிறது என்பதை வைத்து நான் முடிவு செய்யப்போவதில்லை. பாலம் உண்டா இல்லையா என்பதுதான் எனக்கு முக்கியம். மதியம் போய்ப் பார்க்கிறேன்" என்றார்.

3. ஆணையத்தின் உத்தரவு

போய்ப் பார்த்தார். பாலம் இல்லை. ஜனத்தொகைக் கணக்கும் வரைவில் ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. சில மாதங்கள் கழித்து கெஜட்டில் உத்தரவு வந்தது. தெரு இருந்த இடத்திலேயே இருந்தது. பிரமுகர் பாண்டிச்சேரிக்கும் டெல்லிக்கும் அலைந்து பார்த்தார். ஆணையத்தின் உத்தரவைச் சட்டசபையும் மாற்ற முடியாது, கோர்ட்டிலும் எதிர்க்க முடியாது என்று எல்லா இடத்திலும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். என் வேலைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

உத்தரவு வந்த அன்று அஞ்சலை தெருப் பெண்களைத் திரட்டிக்கொண்டு ஆபீஸ் வாசலுக்கே வந்து குலவை போட்டார். கண்ணைக் காட்டிய அதே தாசில்தார் எல்லோருக்கும் டீ வாங்கிவரச் சொன்னார். "நல்லவேள சரோஜா, நீங்க என்னப் பாக்கல" என்றார்.

"பாத்தேன் சார்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு எத்தனையோ தேர்தல் வேலை பார்த்துவிட்டேன். நான் தெரிந்துகொண்டது இதுதான்: எல்லைக்கோடு போடுகிறவருக்கு யாருடைய ஓட்டும் தேவைப்படக் கூடாது. அந்த நீதிபதிக்குத் தேவைப்படவில்லை. அதனால்தான் அஞ்சலை சொன்னது அவர் காதில் விழுந்தது.