பின்சீட் இல்லாத வண்டி

என் அக்கா ஜெயம்மாவின் புருஷன் கோதண்டத்தைப் பற்றி எங்கள் குப்பத்தில் யாரும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லமாட்டார்கள். நான் சொல்வேன். தம்பியான எனக்கு அந்த உரிமை இருக்கிறது.

பழவேற்காடு ஏரியில் எங்களோடு வலை கட்டிக்கொண்டிருந்தவர்தான் மாமா. இறால் அற்றுப்போன ஒரு வருஷத்தில் லைசென்ஸ் எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனார். கிருஷ்ணன் என்ற கம்பெனி முதலாளி வீட்டில் பத்தொன்பது வருஷம் டிரைவர். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வருவார், மறுநாள் விடியற்காலையில் போய்விடுவார். முதலாளிக்கு அவர்மேல் அத்தனை நம்பிக்கை. மாமா ஓட்டிப் பார்த்துத் தலையாட்டாமல் அந்த வீட்டில் ஒரு வண்டியும் வாங்கியதில்லை.

அக்காவுக்கு ஒரே ஆசை. மாமா ஓட்டுகிற காரில் பின்னால் உட்கார்ந்து ஒருமுறை ஊருக்குள் வரவேண்டும். அந்த வீட்டில் பெரிய கார் ஒன்று இருந்தது. ஒரு நாள் கேட்டு எடுத்து வந்தால் முதலாளியின் கிரீடமா இறங்கிவிடும்? நானே மாமாவிடம் சொல்லிப் பார்த்தேன்.

"அது அவங்க வண்டி, கங்கா. நான் எப்பிடிக் கேக்கறது?" என்றார். கேட்டு வாங்கும் வாய் அவருக்கு இல்லை. யாராவது கேட்டால் பதில் சொல்லும் வாய் மட்டும்தான்.

போன வருஷம் அக்காவுக்குக் கிட்னி இரண்டும் கெட்டுப்போயின. வாரம் இரண்டு நாள் பஸ்ஸில் பொன்னேரி போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வந்தாள். அந்தச் சமயத்தில்தான் முதலாளிக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஆசை வந்தது. இரண்டு வண்டிகள் அவர் மனசில் இருந்தன. ஒன்று மஞ்சள், ரேஸ் டிராக்கில் ஓட்டவென்றே செய்தது. இரண்டே சீட்டு, வயிறு தரையோடு தரையாக இருக்கும், எங்கள் ஊர் வேகத்தடை ஒன்றைக்கூடத் தாண்டாது. இன்னொன்று சாம்பல் நிறம். பெட்ரோல் எஞ்சினோடு பேட்டரியும் உண்டு, நான்கு சக்கரமும் இழுக்கும், பட்டனை அழுத்தினால் முன்பக்கம் மேலே எழும்பும். பின்னால் குட்டியாக இரண்டு சீட்டு.

"இதை வாங்கினா முதல் வேலையா உன் ஊருக்குத்தான் கோதண்டம். உன் சம்சாரத்தைப் பின்னாடி உக்கார வச்சு ஏரிக்கரை வரைக்கும் ஓட்டு" என்று சாம்பல் வண்டியைப் பற்றி முதலாளி பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். மாமா அதை அப்படியே அக்காவிடம் சொன்னார். போதாதா? அக்கா பக்கத்து வீட்டு லோகநாயகியிடம் சொன்னாள், மீன் ஏலம் விடுகிற இடத்தில் சொன்னாள், டயாலிசிஸ் நர்ஸிடமும் சொன்னாள். என் கல்யாணத்துக்கு எடுத்த பச்சைப் பட்டுப் புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காற்றாடப் போட்டாள்.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லாவிட்டால் அடுத்து நடந்தது புரியாது. ஏரியில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டுத்தான் எடுப்போம். அதைப் பாடு என்போம். சீட்டு விழுந்த பிறகு இரண்டு பேர் இடம் மாற்றிக்கொள்ளலாம். அப்போது அந்த இடத்தில் முன்பு வலை கட்டியவனை எழுப்பி, "அங்க எப்பிடி?" என்று கேட்பார்கள். தனக்கே நஷ்டம் என்றாலும் அவன் உள்ளதைத்தான் சொல்லவேண்டும். கைவைத்துப் பார்த்தவன் பொய் சொன்னால் ஏரி அவனுக்கு மீன் தராது என்பார்கள். தன் சீட்டில் விழுந்த இடம் மோசம் என்று அப்படிச் சொல்லியே, மாற்றாகக் கிடைக்கவிருந்த நல்ல இடம் ஒன்றை இழந்தவர் மாமா. அவர் ஏரியை விட்டாலும் ஏரி அவரை விடவில்லை.

ஒரு சனிக்கிழமை டிராக்குக்கு இரண்டு வண்டிகளையும் கொண்டுவந்தார்கள். மாமா ஒவ்வொன்றிலும் இரண்டு சுற்றுப் போனார். இறங்கியதும் முதலாளி கேட்டார்: "சொல்லு கோதண்டம். எது?"

சாம்பல் வண்டி தப்புச் செய்யவிடாது என்று மாமா பின்னால் என்னிடம் சொன்னார். வளைவில் பிசகினாலும் நான்கு சக்கரமும் சேர்ந்து நிமிர்த்திவிடும். ஆனால் கனம், ஓட்டுகிறவனுக்கு வேலையே இல்லை. மஞ்சள் வண்டியில் தரையில் கிடக்கிற சின்னக் கல்லும் கைக்குத் தெரிந்ததாம், படகில் கோல் ஊன்றும்போது அடியில் சேறா மணலா என்று தெரிகிற மாதிரி. முதலாளி தேடுவது அதைத்தான் என்று மாமாவுக்குத் தெரியும். பச்சைப் பட்டு கொடியில் தொங்குவதும் தெரியும்.

"டிராக்குல ஓட்டறதுக்குன்னா மஞ்சள்தான் சார்" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் வந்து அக்காவிடமும் அதையே சொன்னார். நான் அங்கேதான் இருந்தேன். "இன்னா மாமா, அங்க பாடு சீட்டா போட்டாங்க? கார் வாங்கறாங்க மாமா!" என்று கத்தினேன்.

"விடுடா. கேட்டா உள்ளதத்தான சொல்லணும்" என்றாள் அக்கா. எழுந்து போய்ப் பட்டுப் புடவையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். கார் எப்போது வரும் என்று லோகநாயகி கேட்டபோது, "அதுல பின்னாடி சீட்டே இல்லியாம்டி" என்று சிரித்தாள்.

அதிலிருந்து மூன்றாம் மாதம், ஒரு ஞாயிறு மதியம் அக்காவுக்கு மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸ் வந்தது. பின்னால் அக்கா பக்கத்தில் மாமா உட்கார்ந்தார், காலடியில் நான். திருப்பாலைவனம் தாண்டும்போது அக்கா ஆக்ஸிஜன் மாஸ்கைக் கையால் விலக்கினாள்.

"இன்னாய்யா, இதுல பின்னாடி எடம் கீது பாரு" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஆனா நீ ஓட்டலியே" என்றாள்.

பொன்னேரி போய்ச் சேர்ந்தபோது அக்கா இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முதலாளி வந்தார். பெரிய காரைத் தானே ஓட்டிக்கொண்டு, வேகத்தடை எல்லாம் தாண்டி வீட்டு வாசலிலேயே வந்து நிறுத்தினார். நல்ல மனுஷன்தான். படத்துக்கு மாலை போட்டுவிட்டு மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"அன்னிக்கு நீ சாம்பல் வண்டியைத்தான் சொல்லுவேன்னு நினைச்சேன் கோதண்டம். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். நீ எதைச் சொன்னாலும் வாங்கியிருப்பேன்" என்றார்.

"கேட்டீங்களே சார்" என்றார் மாமா.

கார் போன பிறகும் மாமா வாசலை விட்டு அசையவில்லை. மணலில் பதிந்திருந்த டயர் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஒரு பொய் சொல்லியிருக்கலாமோ கங்கா?" என்றார்.

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கவேண்டும். "ஆமா மாமா" என்றேன். அவர் கேட்டுவிட்டார், நான் உள்ளதைச் சொல்லிவிட்டேன்.