நியூட்ரலில் இறங்கிய மலை

எங்கள் காரில் என் கணவர் கண்ட ஒரே குறை நான்தான். சின்னக் கார். லிட்டருக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர் கொடுக்கும் என்று சொல்லித்தான் விற்றார்கள். அவர் நாலுவழிச் சாலையில் விழுப்புரம் போய்வந்தால் பத்தொன்பது கொடுக்கும். நான் கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலையில் உள்ள என் பள்ளிக்குப் போய்வந்தால் பதினாலைத் தாண்டாது. வளைவுக்கு வளைவு இரண்டாவது கியர், ரோட்டை விட்டு எழுந்திருக்காத மாடுகள், கச்சிராயபாளையம் கடைத்தெருவில் நகர மறுக்கும் கரும்பு டிராக்டர் எதுவும் அவர் கணக்கில் வராது. என் கால் மட்டும்தான் வரும்.

"நீ ஆக்சிலேட்டர மிதிக்கிறியா, இல்ல மொளகா இடிக்கிறியா?" என்பார். நான்கு பேர் இருக்கும்போது சொல்வார், அதுதான் எனக்கு எரியும்.

ஒருநாள் பேச்சு முற்றிவிட்டது. "ஞாயித்துக்கெழம நான் ஓட்டிக் காட்டுறேன். அதே மல, அதே வண்டி. பதினெட்டு வந்துச்சின்னா வண்டி எங்கிட்ட. நீ பஸ்ல போய்க்கோ."

பஸ்ஸில் போனால் பள்ளி மணி அடித்த பிறகுதான் போய்ச் சேர முடியும். அப்படியானால் மலையிலேயே ரூம் எடுத்துத் தங்க வேண்டும். ஐந்து வயது மகளை வாரக் கடைசியில் மட்டும் பார்க்க வேண்டும். இது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார். நானும் வீம்புக்கு, "சரி, ஓட்டுங்க" என்றுவிட்டேன்.

அந்த ஞாயிறு மலையில், என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் வீட்டில் காதுகுத்து. நான் முன்னால் அவர் பக்கத்தில், என் மாமியாரும் மகளும் பின்னால். ஏசி போடக்கூடாது, மைலேஜ் குறையும். கண்ணாடியையும் இறக்கக்கூடாது, காற்று இழுக்கும். சித்திரை வெயிலில் நான்கு பேரும் இட்லிப் பானைக்குள் இருப்பது போல வெந்துகொண்டு போனோம். அத்தை முந்தானையால் பிள்ளைக்கு விசிறிக்கொண்டே, "புருசன் சொல்றது நமக்கு நல்லதுக்குதாம்மா" என்றார். மகன் பக்கம் பேசுவதில் அவர் ஒருநாளும் அலுத்ததில்லை.

கோமுகி அணை தாண்டி ஏற்றம் தொடங்கியதும், மைலேஜ் காட்டும் சின்னத் திரையில் எண் இறங்கத் தொடங்கியது. பதினெட்டு, பதினாறு, பதினாலு. மேலே போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டில் நின்றது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். விருந்தில் அவர் சரியாகவே சாப்பிடவில்லை. புறப்படும்போது அந்த வீட்டார் அரை மூட்டை சாமை கொடுத்தார்கள். "வெயிட்டு ஜாஸ்தியாவும்" என்று முணுமுணுத்துக்கொண்டே டிக்கியில் வைத்தார்.

இறக்கம் வந்ததும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார்.

"கியர்லயே எறங்குங்க. கால எடுத்துட்டா பெட்ரோல் போவாது, தெனம் அந்தத் திரையில பாக்குறேன்" என்றேன்.

"எஞ்சின் சுத்துதில்ல? சுத்துனா குடிக்காதா?" என்றவர், அதோடு விடாமல் சாவியையும் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். திரை அணைந்தது. "இப்ப இன்னா குடிக்கும், சொல்லு பாப்பம்."

சத்தமே இல்லை. டயர் உருளும் சத்தம் மட்டும். முதல் வளைவில் பிரேக் பிடித்தது. அடுத்த வளைவிலும் பிடித்தது. மூன்றாவது வளைவுக்கு முன் அவர் காலை அழுத்தினார். வண்டி வேகம் குறையவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு காலையும் சேர்த்து மிதித்துக்கொண்டிருந்தார்.

"பெடல் கல்லு மாரி கீது" என்றார். எஞ்சின் ஓடாவிட்டால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் இறுகிவிடும். ஸ்டியரிங்கும் இறுகிப்போய், இரண்டு கையாலும் இழுத்துத் திருப்பினார். எப்படியோ அந்த வளைவைத் தாண்டினோம். இடப்பக்கம் பள்ளம். கீழே மரங்களின் தலை தெரிந்தது. பின்னால் அத்தை எந்தச் சாமியையோ கூப்பிட்டார். பிள்ளை அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கீழேயிருந்து பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு ஏறி வந்தது.

"சாவியத் திருப்புங்க!" என்று கத்தினேன். திருப்பினார், விளக்குகள் எரிந்தன. "கிளட்ச மிதிங்க!" மிதித்தார். கியரைப் பிடித்து மூன்றாவதில் நானே தள்ளினேன். "கால எடுங்க!"

வண்டி உதறியது. எஞ்சின் அலறிக்கொண்டு உயிர் பெற்றது. வேகம் குறைய, நான் ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். பிரேக் திரும்பி வந்தது. ரோட்டோரக் கைப்பிடிச் சுவரை ஒட்டி நின்றோம். பஸ் எங்களை உரசாத குறையாகக் கடந்தது. டிரைவர் எங்களைத் திட்டிக்கொண்டே போனார். என்ன திட்டியிருந்தாலும் தகும்.

எனக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது. கூடவே, அவர் உயிரோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அழுகையும் வந்தது. இரண்டையும் செய்யவில்லை.

அத்தைதான் முதலில் இறங்கினார். தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார். "டேய், எறங்கு. புள்ளைய மடியில வச்சிக்கினு நீ பின்னாடி குந்து. அவ ஓட்டட்டும். நாளைக்கும் அவளே ஓட்டட்டும்."

அவர் இறங்கிப் பிள்ளையை வாங்கிக்கொண்டார். அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டார். இரண்டாவது கியரில் இறங்கத் தொடங்கினேன். ஜெயித்த சந்தோஷம் துளியும் இல்லை. திரையைப் பார்க்கவும் பிடிக்கவில்லை.

இரண்டு வளைவு தாண்டியதும் பின்னாலிருந்து மகளின் தூக்கக் குரல் கேட்டது.

"அப்பா, இவ்ளோ இறுக்காத. வலிக்குது."

கண்ணாடியில் பார்த்தேன். கையைத் தளர்த்தினார். அடுத்த வளைவு வந்ததும் மறுபடியும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.